இலையை நிறுக்கிறீர்கள், எண்ணெயை யார் நிறுப்பது?

மூலிகை கொள்முதல் செய்யும் வணிகர்களுக்கும், தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், தேசிய மருத்துவத் தாவரங்கள் வாரியத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கடந்த மாசியில் ஆறு சாக்குத் துளசி இலையை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு கொள்முதல் கிடங்குக்குப் போனேன். நிழலில் காயவைத்த சரக்கு. மேற்பார்வையாளர் ஒரு சாக்கைப் பிரித்தார். முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கசக்கினார். நொறுங்கும் சத்தம் கேட்டது. ஈரம் இல்லை என்று தலையை ஆட்டினார். நிறத்தைப் பார்த்து, "கொஞ்சம் கருக்கல்" என்றார். சாக்கு தராசுக்குப் போனது. அவ்வளவுதான் பரிசோதனை.

எனக்குப் பின்னால் நின்றவர் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய சரக்கு பச்சைப் பசேல் என்று இருந்தது, இலையும் நல்ல அகலம். கிணற்றுப் பாசனம், ஒவ்வோர் அறுப்புக்கும் பின்னால் யூரியா. அவருக்கும் கிலோவுக்கு அதே விலை. ஆனால் என்னைவிடக் குறைந்த நிலத்தில் என்னைவிட அதிகச் சாக்கு கொண்டுவந்திருந்தார். ஆகவே அதிகப் பணம்.

வெளியே வந்து டீக்கடை வாசலில் அவர் இலையில் நான்கைந்தை ஒரு கையிலும் என் இலையில் நான்கைந்தை மறு கையிலும் கசக்கி, டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன். என் இலையை முகர்ந்தவர் "கிராம்பு" என்றார். மற்றதை முகர்ந்துவிட்டு "வைக்கோல்" என்றார். பக்கத்து ஊர்க்காரரின் முகம் சற்றே சுருங்கியது. பிறகு சிரித்துவிட்டு, இரண்டு பேருக்குமான டீக்காசை அவரே கொடுத்தார். கொடுக்க வேண்டியவரும் அவர்தானே, அன்று லாபம் பார்த்தவர் அவர்.

அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உங்கள் தராசு என்ன கேட்டதோ அதை அவர் விளைவித்துக் கொடுத்தார். என் வருத்தம் அந்தத் தராசின் மீது.

டீக்கடைச் சோதனையை வைத்து உரத்தின் மேல் பழி போடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் விதை வேறு, என் விதை வேறு. தண்ணீர் வேறு, காயவைத்த விதம் வேறு. வெயிலில் பரப்பினாலே துளசியின் வாசனையில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். விவசாயத்துக்குத் திரும்புவதற்கு முன் 22 ஆண்டுகள் ஒரு மூலிகை மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். என் மேசையில் கிளெவெஞ்சர் என்ற கண்ணாடிக் கருவி ஒன்று இருந்தது. 1928-இல் வந்த வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. குடுவையில் இலையும் தண்ணீரும் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆவி மேலே ஏறி, குளிர்ந்து, கோடு போட்ட சிறு குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். தண்ணீர் திரும்பக் குடுவைக்கே போய்விடும். எண்ணெய் குழாயில் தங்கும். எலுமிச்சைப் புல் எண்ணெய் வெளிர் மஞ்சளாகத் தண்ணீருக்கு மேல் மிதக்கும். கிராம்பு எண்ணெய் கனமானது, அடியில் போய் உட்காரும். அதற்கு வேறு வடிவக் குழாய் உண்டு. நம் சித்த மருத்துவத்தில் வாலையில் தீநீர் இறக்குவார்களே, ஓமத் தீநீர் இறக்குவது போல, அதே வேலைதான். இதில் அளவுகோடு இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

அந்தக் கோட்டில் எண்ணெய் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். பதிவேடு மாடிக்குப் போகும். சரக்கு எந்தத் தொட்டியில் போக வேண்டும், எந்த மருந்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அங்கே முடிவெடுப்பார்கள். 22 ஆண்டுகளில் நான் எழுதிய ஓர் எண்ணைக்கூட அந்த இலையை விளைவித்த ஒரு விவசாயியிடம் நான் சொன்னதில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆகவே இந்த மடலில் நான் சொல்லப்போகும் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இனி விஷயம்.

துளசி இலையை ஓர் உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். தோலின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் போல மினுங்கும். அவை சுரப்பிகள். நறுமண எண்ணெய் இருப்பது அவற்றில்தான்; இலையின் மற்ற சதையெல்லாம் அவற்றைத் தாங்கி நிற்கும் பலகை. இலை விரிந்து முடிவதற்குள் சுரப்பிகளும் உருவாகி முடிந்துவிடும். தழைச்சத்தும் (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தால் பலகை அகலும். சுரப்பிகளும் அதே வேகத்தில் பெருகினால் நல்லது. பெருகாவிட்டால் ஒரு கிராம் இலையில் இருக்கும் எண்ணெய் குறையும். பாலில் தண்ணீர் சேர்ந்த கதைதான், இங்கே தண்ணீர் ஊற்றியது யாரும் இல்லை, செடியே ஊற்றிக்கொண்டது.

இதற்கு அடியில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. துளசியின் கிராம்பு வாசனைக்குக் காரணம் யூஜினால். செடி அதைப் பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. அதே பீனைல்அலனின்தான் புரதம் கட்டவும் வேண்டும். தழைச்சத்து நிறையக் கிடைக்கும் செடி புரதம் கட்டும், தண்டு நீட்டும், புதுக் குருத்து விடும். கையிருப்பு அந்தப் பக்கம் செலவாகிவிடும். பசியில் இருக்கும் செடிக்கு வளர வழியில்லை. ஆனால் வெயில் இலவசம், ஒளிச்சேர்க்கையில் கார்பன் சேர்ந்துகொண்டே இருக்கும். சேர்ந்த கார்பனைப் பூச்சியும் ஆடும் கடிக்காதபடி கசப்பாகவும் காரமாகவும் வாசனையாகவும் மாற்றி வைத்துக்கொள்கிறது. 1983-இல் பிரையன்ட், சேப்பின், கிளைன் என்ற மூவர் வடதுருவப் பக்கத்துக் காடுகளில் விலங்குகள் எந்தச் செடிகளைத் தின்னாமல் ஒதுக்குகின்றன என்று ஆராயப் போய், ஏறக்குறைய இந்தக் கருத்தைத்தான் முன்வைத்தார்கள். கார்பனுக்கும் ஊட்டத்துக்கும் இடையிலான தராசு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் "காட்டுச் செடிக்கு இருக்கும் வீரியம் தோட்டத்துச் செடிக்கு இல்லை" என்று சொல்வதும் இதைத்தான் தொட்டு நிற்கிறது.

ஆனால் அந்த 1983-ஆம் ஆண்டுக் கருத்து எல்லாச் செடிக்கும் அப்படியே பொருந்தவில்லை. பலமுறை தடுமாறியிருக்கிறது. குறிப்பாக எலுமிச்சைப் புல் எண்ணெய் போன்ற டெர்பீன் வகை எண்ணெய்களில் ஒரு செடியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் விடை வருகிறது. ஆகவே "யூரியா போட்டால் மருந்துக்குணம் போச்சு" என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். என் வழக்கு வேறு.

எலுமிச்சைப் புல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் தந்த சுகந்தி ரகத்தை நான் அரை ஏக்கரில் வைத்திருக்கிறேன். இதன் எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரால், எலுமிச்சை வாசனை தரும் பொருள். அறுத்து அறுத்து எடுக்கும் புல். ஒவ்வோர் அறுப்பும் மண்ணிலிருந்து சத்தை வாரிக்கொண்டு போகிறது. இதற்குத் தழைச்சத்து கொடுக்காமல் விட்டால் மூன்றாவது அறுப்பில் புல் மஞ்சளாகித் தரையோடு தரையாகிவிடும். கொடுத்தால் புல் பெருகும். எண்ணெய் சதவீதம் கொஞ்சம் இறங்கினால்கூட ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்த எண்ணெய் கூடும். சொந்தமாக வடிகலன் வைத்திருப்பவருக்கு அந்த மொத்தம்தான் முக்கியம். ஆனால் அவரிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: விறகு எவ்வளவு ஆகிறது? நூறு கிலோ பச்சைப் புல்லை வடித்தால் அரைக் கிலோ எண்ணெய் வருவதே பெரிய விஷயம். சதவீதம் இறங்க இறங்க, அதே விறகை எரித்து அதே நேரம் காத்திருந்து இறக்கும் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். புல்லை அறுக்கும் ஆளுக்கும், சுமக்கும் ஆளுக்கும், கொதிகலனுக்கும் எடைக்குத்தான் கூலி. ஆகவே எலுமிச்சைப் புல்லில்கூட ஓர் அளவுக்கு மேல் யூரியா மூட்டை பிரிப்பது கையைக் கடிக்கும். அந்த அளவு எது என்பது மண்ணுக்கு மண் மாறும். அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்.

வெட்டிவேரில் கதை இன்னும் வெளிப்படை. எண்ணெய் வேரில் இருக்கிறது. கடலூர்க் கடற்கரை மணலில் போட்டு, ஒன்றேகால், ஒன்றரை ஆண்டு காத்திருந்து தோண்டி எடுக்கிற பயிர். தழைச்சத்தைக் கொட்டினால் மேலே தோகை ஆளுயரம் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு நல்ல பயிர். தோண்டிப் பார்க்கும் நாளில்தான் தெரியும், சத்து மேலே போனதா கீழே போனதா என்று.

எங்கள் தெற்குச் சீமையின் நிலவாகைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் இதையும் அவுரி என்றே சொல்லிவிடுவார்கள். சாய அவுரி வேறு செடி, இந்தப் பெயர்க் குழப்பத்தில் சரக்கு மாறிப்போன வழக்குகள் தனிக்கதை. வணிகர்களுக்குச் சென்னா. உலக மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பெயரைச் சுமந்துகொண்டு போன சரக்கு இது. பேதி மருந்துக்கு வேண்டியது இலையில் இருக்கும் சென்னோசைடு. ஐரோப்பிய மருந்து நூல் காய்ந்த இலையில் இதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு கேட்கிறது. இந்தச் செடி அவரைக் குடும்பம்தான். ஆனால் வேரில் தழைச்சத்து முடிச்சு கிடையாது. உளுந்து, துவரை போலக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் என்று நம்பி ஒன்றுமே போடாமல் விடுபவர்கள் ஒரு பக்கம். இலை பெரிதாக, பச்சையாக இருந்தால் முதல் தரம் என்று கிடங்கில் சொல்கிறார்களே என்று மூட்டை மூட்டையாகப் போடுபவர்கள் இன்னொரு பக்கம். சென்னோசைடு இளம் இலையில்தான் அதிகம். பெரிய இலைக்கு முதல் தரம் கொடுக்கும் கிடங்கும், சென்னோசைடு கேட்கும் மருந்து நிறுவனமும் ஒரே வியாபாரத்தின் இரண்டு முனைகள். நடுவில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தளும் நித்தியகல்யாணியும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பியில் படரவிட்டு விளைவிக்கும் செங்காந்தளின் விதையில் இருக்கும் கொல்கிசின் ஓர் ஆல்கலாய்டு. ஆல்கலாய்டு என்றாலே அதன் கட்டுமானத்தில் தழைச்சத்து உண்டு. நித்தியகல்யாணியின் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினில் ஒரு மூலக்கூறுக்கு நான்கு தழைச்சத்து அணுக்கள். இங்கே தழைச்சத்தைப் பட்டினி போட்டால் செங்கல் இல்லாமல் சுவர் எழுப்பச் சொன்னதாகும். துளசிக்குச் சொன்ன புத்தி இங்கே செல்லாது.

ஒரே விவசாயி ஒரு வயலில் துளசியும் பக்கத்து வயலில் நித்தியகல்யாணியும் போடுகிறார். இரண்டுக்கும் அவருக்குக் கிடைக்கும் உர யோசனை என்ன? உரக்கடைக்காரர் சொல்வது. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது இருபது கிலோவுக்குச் சற்றே மேல். அது எந்தப் பயிருக்கு எந்த வாரத்தில் எவ்வளவு என்பது கடைக்காரரின் நெல் அனுபவத்திலிருந்து வருகிறது. நெல்லுக்குச் சரிதான்; நெல்லை எடைக்குத்தான் விற்கிறோம்.

மண்ணைச் சோதித்து அரசு தரும் மண் வள அட்டை 2015-இலிருந்து வருகிறது. 12 அளவீடுகள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. நல்ல திட்டம். என் கைக்கு வந்த அட்டையில் கரிமச்சத்து குறைவு, துத்தநாகம் குறைவு என்று எழுதியிருந்தது, உண்மையும் அதுதான். பயிர்வாரிப் பரிந்துரை என்ற கட்டத்தில் நெல், பருத்தி, மக்காச்சோளம். என் நிலத்தில் இவை மூன்றும் இல்லை என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.

மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நறுமண எண்ணெயில் இதன் பங்கை நாம் மறந்துவிடுகிறோம். டெர்பீன் எண்ணெய்கள் எல்லாமே ஐந்து கார்பன் கொண்ட ஒரு சிறு துண்டை ஒட்டி ஒட்டிக் கட்டியவை. அந்தத் துண்டு செல்லுக்குள் நடமாடும்போது இரண்டு பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டுதான் நடமாடும். ஒட்டும் நேரத்தில் கழற்றிப் போடும். மணிச்சத்து இல்லாத செடியில் அந்த வேலை இழுபறிதான். சரி, மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைப் போட்டுவிடலாமே என்பீர்கள். இங்கேதான் மண்ணுக்குள் இருக்கும் ஒரு பூஞ்சை குறுக்கே வருகிறது. வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை. மைக்கோரைசா என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே, அதுதான். வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். 2006-இல் இத்தாலியர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் திருநீற்றுப்பச்சிலைக்கு இந்தப் பூஞ்சையில் மூன்று வகைகளைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வகை சேர்ந்த செடிகளில் எண்ணெயும் கூடியது, இலைச் சுரப்பிகளின் எண்ணிக்கையும் கூடியது. மூன்றும் ஒன்றுபோல வேலை செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள்; ஆகவே பாக்கெட் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே நிறைந்திருந்தால் செடி இந்தப் பூஞ்சைக்குக் கூலி கொடுப்பதை நிறுத்திவிடும். டிஏபியை அள்ளிப் போட்டுவிட்டு அதன் மேல் மைக்கோரைசா தூவுகிறவர், ஆளை வேலைக்கும் கூப்பிட்டு வாசல் கதவையும் சாத்திவிட்டவர்.

கந்தகத்துக்கு நான் சாட்சி சொல்லத் தேவையில்லை; வெங்காயம் சொல்லும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விடாலியா பகுதியின் வெங்காயம் பச்சையாகக் கடித்துத் தின்னும் அளவுக்கு இனிப்பானது. காரணம், அந்த மண்ணில் கந்தகம் குறைவு. உரித்தால் கண்ணீர் வரவேண்டும் என்று நினைக்கும் நமக்கு அது வெங்காயமே இல்லை. பூண்டின் காரமும் கடுகின் காரமும் இதே கந்தகத்தால்தான்.

அப்படியானால் இயற்கை உரம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இயற்கை வேளாண்மை நண்பர்கள் இந்த இடத்தில் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள். நான் கிடை போடுகிறவன்தான். அறுப்பு முடிந்த நிலத்தில் கீதாரி ஆட்டை மடக்கி நான்கு இரவு நிறுத்தினால் அந்த மண் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். "ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறு வருடம்" என்பது வெறும் சொல் அழகு இல்லை. ஆட்டுப் புழுக்கையின் தழைச்சத்து சீக்கிரம் கிடைக்கும், மாட்டுச் சாணம் மெதுவாக மக்கும். மெதுவாகக் கொடுப்பதுதான் மூலிகைக்கு ஏற்றது. யூரியாவைப் போல ஒரே வாரத்தில் கொட்டி முழக்குவதில்லை. ஆனால் மக்காத சாணத்தைப் போட்ட நிலத்துத் துளசியை நுண்ணுயிர்ச் சோதனையில் நானே பலமுறை நிராகரித்திருக்கிறேன். இலையைக் கழுவாமல் காயவைத்து, பொடித்து, அப்படியே உள்ளுக்குச் சாப்பிடுகிறோம். 2003-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மூலிகைச் சாகுபடி நெறிமுறை, கால்நடை எருவை நன்றாக மக்க வைத்தபிறகே போட வேண்டும், மனிதக் கழிவை உரமாகப் போடவே கூடாது என்கிறது.

அடுத்தது கன உலோகங்கள். பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்யும் உரங்களில் காட்மியம் ஒட்டிக்கொண்டு வரும். பாறைக்குப் பாறை அளவு மாறும். நகரக் குப்பையிலிருந்து செய்யும் மக்கு உரத்தில் ஈயம் வரலாம். நம் நாட்டு மூலிகை மருந்துகளுக்கு ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கும், காட்மியம் 0.3 பங்கும் மட்டுமே வரம்பு. இந்த எண்ணைத் தாண்டினால் முழுச் சரக்கும் திரும்பி வரும். திரும்பி வந்த பிறகு விவசாயியிடம் "உன் சரக்கு தேறவில்லை" என்பார்கள். எந்த உரத்தால் தேறவில்லை என்று சொல்ல யாரிடமும் பதிவு இருக்காது.

இப்போது என் வழக்கை நேராக வைக்கிறேன். அரசு மூலிகைக்கு மானியம் கொடுத்தபோது ஏக்கரை எண்ணியது. சாகுபடிச் செலவில் 30, 50, 75 சதவீதம் என்று பயிரைப் பொறுத்து. வணிகர் கிலோவை எண்ணுகிறார். மருந்து நிறுவனம் எண்ணெயை எண்ணுகிறது, எண்ணி மாடியில் வைத்துப் பூட்டிவிடுகிறது. நிலத்தில் நிற்பவருக்கு முதல் இரண்டு எண்கள்தான் தெரியும். அந்த இரண்டு எண்களையும் ஏற்றுவதற்கு மலிவான வழி யூரியா.

வணிகர்களே, சோதித்து விலை கொடுப்பது முடியாத காரியம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு லிட்டர் பால் கொண்டுவரும் பாட்டிக்கும் கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் பார்த்துத்தான் காசு எழுதுகிறார்கள். பாலைத் தண்ணீராக்கினால் காசு குறையும் என்று அந்தப் பாட்டிக்குத் தெரியும். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். கரும்புக்கு விலை நிர்ணயிக்கும்போது சர்க்கரைக் கட்டுமானம் பார்க்கிறார்கள். மூலிகைக்கு மட்டும் என்ன? ஒவ்வொரு சாக்கையும் மூன்று மணி நேரம் வடிக்க வேண்டியதில்லை. ஒரு ஊரின் சரக்கு வந்து சேர்ந்ததும் சாக்குக்கு ஒரு பிடி எடுத்துக் கலந்து, மூன்று பொட்டலமாகக் கட்டி முத்திரை வையுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று ஊருக்கு, ஒன்று தகராறு வந்தால் பிரிக்க. குறைந்தபட்ச எண்ணெய் அளவுக்கு இன்றைய விலை. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் கூடுதல் விலை. முதல் வருடம் விலையில் கை வைக்க மனம் வராவிட்டால், எண்ணை மட்டுமாவது ரசீதில் எழுதிக் கொடுங்கள். தன் எண்ணையும் அடுத்த ஊரின் எண்ணையும் பார்க்கும் விவசாயி அடுத்த பட்டத்தில் மூட்டையைப் பிரிக்கும் முன் யோசிப்பார்.

உங்களுக்கு இதில் நஷ்டம் இல்லை. எண்ணெய் குறைந்த இலையை ஏற்றுக்கூலி கொடுத்துச் சுமந்து, கிடங்கில் அடைத்து, கடைசியில் நிறுவனத்தின் வாசலில் விலை குறைத்து வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சுவது யார்? அந்தக் கெஞ்சலை நான் 22 ஆண்டுகள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

தோட்டக்கலைத் துறையினருக்கு: உங்கள் கையேடுகளில் உர அளவுக்கு எதிரே மகசூல் கிலோவோடு எண்ணெய் சதவீதமும், ஏக்கருக்கு மொத்த எண்ணெயும் அச்சிடுங்கள். கரிசலுக்கு ஒன்று, செம்மண்ணுக்கு ஒன்று, கடற்கரை மணலுக்கு ஒன்று என்று விவசாயிகளின் வயலிலேயே சோதனைப் பாத்தி போடுங்கள். மேலுரம் எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அறுப்புக்குப் பத்து நாள் முன்பு யூரியா தூவி இலையைப் பச்சையாக்கிக் கொண்டுவரும் பழக்கம் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறது. கிடங்கில் "கருக்கல்" என்று ஒரு சொல் சொன்னால் வயலில் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

வாரியத்தாருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். 2000-இல் தொடங்கிய அமைப்பு நீங்கள். ஏக்கர்க் கணக்கு உங்களிடம் நிறைய இருக்கும். இனி எந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினாலும், அதில் விளைந்த இலையின் எண்ணெயோ சென்னோசைடோ எத்தனை சதவீதம் என்று ஒரு வரி கேளுங்கள். கேட்டால் அளக்க ஆரம்பிப்பார்கள்.

நான் சும்மா எழுதிவிட்டு உட்காரப்போவதில்லை. வரும் தையில் நான்கு பாத்தி நடுகிறேன். ஒரே விதை, ஒரே தண்ணீர். ஒன்றுக்கு மேலுரமே கிடையாது, ஒன்றுக்குப் பாதி யூரியா, ஒன்றுக்குக் கடைக்காரர் சொல்லும் முழு அளவு, ஒன்றுக்குக் கிடை மண். டீக்காசு கொடுத்த பக்கத்து ஊர்க்காரரும் தன் கிணற்றடியில் இதே நான்கு பாத்தி போடச் சம்மதித்திருக்கிறார்; தோற்கப்போவது நான்தான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சித்திரையில், மழை இல்லாத ஒரு நாள் பார்த்து அறுப்போம். பழைய கிளெவெஞ்சர் ஒன்றை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன், குழாயில் ஒரு சிறு கீறல் இருக்கிறது, கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. உங்களில் யார் வேண்டுமானாலும் வரலாம். எட்டுப் பாத்தியையும் வடித்து முடிக்க இரண்டு நாளாவது ஆகும். சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
துளசியும் நிலவாகையும் போடும் ஒரு விவசாயி,
தூத்துக்குடி மாவட்டம்